டைனோவுல ஏத்துனதுல இருந்து ஆடி டிடி குவாட்ரோ பின்னாடி உதறுது, ஹால்டெக்ஸ் போயிடுச்சா?

கோவை_டிடி:
வணக்கம் நண்பர்களே, ரெண்டு நாளா சரியா தூக்கம் இல்ல, அதான் இங்க கேக்கறேன். வண்டி 2016 ஆடி டிடி, 2.0 டிஎஃப்எஸ்ஐ குவாட்ரோ, 6 ஸ்பீடு எஸ் ட்ரானிக், 58,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு, நான் மூணாவது ஓனர். கம்பெனி கணக்கு 230 பிஎஸ், 370 நியூட்டன் மீட்டர். ஸ்டேஜ் 1 ரீமேப் (இன்ஜின் சாஃப்ட்வேர மாத்தி பவர் கூட்டறது) பண்றதுக்கு முன்னாடி இப்ப நிஜமா எவ்வளவு பவர் வருதுன்னு தெரிஞ்சுக்கலாம்னு டைனோவுக்கு, அதாவது வண்டிய ரோலர் மேல ஓட்டி பவர் அளக்கற மெஷினுக்கு, கொண்டு போனேன். அங்க இருந்தது ரெண்டு வீல் டைனோ. குவாட்ரோ, நாலு வீலுக்கும் டிரைவ் போற வண்டின்னு முதல்லயே சொல்லிட்டேன், "அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுங்ணா, ஹால்டெக்ஸ் ஃபியூஸ புடுங்கிட்டா வெறும் ஃப்ரன்ட் வீல் டிரைவ்தான், நாங்க நெறைய பண்ணிருக்கோம்"னாங்க, நானும் நம்பிட்டேன்.

முன் வீல் ரெண்டும் ரோலர் மேல, பின் வீலுக்கு கட்டை, நாலு மூலைக்கும் ஸ்ட்ராப். நாலாவது கியர்ல ரெண்டு ரன் நல்லாத்தான் போச்சு. ஸ்ட்ராப் லூசா இருக்குன்னு வண்டிய இறக்கி, மறுபடி ஏத்தி, மூணாவது ரன் போட்டாங்க. 160 தாண்டுறப்ப வண்டி பின்பக்கம் ஒரு தள்ளு தள்ளுச்சு பாருங்க, பின் ஸ்ட்ராப் ரெண்டும் விறைச்சு போச்சு, வலது பின் டயர் கட்டை மேல பாதி ஏறிடுச்சு. உடனே ஆக்சிலரேட்டர விட்டுட்டாங்க. குனிஞ்சு பாத்தா பின்னாடி அடியில இருந்து கருகின வாசனை, பிரேக் வாசனை இல்ல, கிளட்ச் தீஞ்ச வாசனை. நான் பாக்கறதுக்குள்ள ஸ்கேனர் போட்டு எரர் எல்லாத்தையும் அழிச்சிட்டாங்க, அதுதான் இன்னும் மனசு ஆறல.

இப்ப நேர் ரோட்ல ஒண்ணும் தெரியல. பார்க்கிங்ல ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு மெதுவா திருப்புனா பின்னாடி உதறுது, டயர் தரையில தேயற சத்தம் வருது. பின் வீல சேக்கற ஹால்டெக்ஸ் கிளட்ச் மட்டுமா, முன்னாடி இருந்து பின்னாடி ஷாஃப்டுக்கு டிரைவ் திருப்பி விடற ஆங்கிள் கியரும் போயிருக்குமா? இப்படியே ஓட்டலாமா?

அம்பத்தூர்_கியர்பாக்ஸ்:
ஓட்டாதீங்க சார், முதல்ல அத சொல்லிடறேன். இந்த வேலையிலயே 19 வருஷமா இருக்கேன், நீங்க சொல்ற உதறல் ஹால்டெக்ஸ் உள்ள இருக்கற கிளட்ச் பிளேட் விடாம புடிச்சுக்கிட்டு இருக்கறதோட அறிகுறி.

உங்க வண்டியில முன் வீலுக்கு எப்பவும் நேரடியா டிரைவ் போகும். ஆங்கிள் கியர் வழியா ப்ராப்பெல்லர் ஷாஃப்டும் எப்பவும் சுத்திக்கிட்டேதான் இருக்கும், ஹால்டெக்ஸ் பின்னாடி டிஃப்ரன்ஷியலுக்கு முன்ன உக்காந்துகிட்டு தேவைப்படுறப்ப மட்டும் பிளேட்ட அழுத்தி பின் வீல சேத்துக்கும். ரோட்ல இந்த பிளேட்டுக்கு பெரிய வேலையே கிடையாது, ஏன்னா முன் வீல் எவ்வளவு சுத்துதோ கிட்டத்தட்ட அதே அளவுக்கு பின் வீலையும் ரோடே சுத்த வச்சிடுது. டைனோவுல அந்த ரோடு இல்ல. 160ல உங்க முன் வீல் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 1300 சுத்து, பின் வீல் பூஜ்யம், அந்த மொத்த வித்தியாசத்தையும் அந்த சின்ன டப்பா தாங்கணும். அப்ப பிளேட்ட அழுத்தற பம்ப் பிரஷர் குடுத்து, வீல் கணக்குல வெறும் 50 நியூட்டன் மீட்டர் இழுத்தா கூட 6.8 கிலோவாட் சூடு, வீட்ல இருக்கற 2 கிலோவாட் கீசர் மூணுக்கும் மேல, அதுவும் ஒரு லிட்டர் கூட இல்லாத ஆயில்ல.

ஃபியூஸ் நிஜமா வெளிய இருந்திருந்தா பம்புக்கு கரன்ட் இல்ல, பின் வீல் அப்படி தள்ளியிருக்கவே முடியாது. பிளேட் சும்மா ஆயில்ல உரசும், சூடாகும், அதுவும் நல்லதில்லதான், ஆனா தள்ளாது. இறக்கி ஏத்துனாங்கன்னு சொல்றீங்களே, அப்ப ஃபியூஸ திருப்பி போட்டாங்களான்னு விசாரிங்க.

வீட்லயே ஒரு செக் பண்ணலாம். நாலு வீலையும் தூக்கி ஸ்டாண்டுல நல்லா நிறுத்துங்க, இக்னிஷன் ஆஃப், நியூட்ரல். ஒருத்தர் ப்ராப்பெல்லர் ஷாஃப்ட்ட புடிச்சுக்கணும், ரெண்டு பேர் பின் வீல் ரெண்டையும் ஒரே பக்கமா ஒரே நேரத்துல சுத்தணும். லேசா இழுத்துக்கிட்டே சுத்துனா பரவால்ல. ஷாஃப்டும் சேந்து திமிறுனா பிளேட் ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம். அப்புறம் ஆயில இறக்கி பம்ப்ப கழட்டுங்க. இந்த அஞ்சாவது ஜெனரேஷன் ஹால்டெக்ஸ்ல தனி ஃபில்டர் கிடையாது, பம்ப்லயே ஒரு சின்ன வலைதான், என்ன நடந்துச்சுன்னு அந்த வலை சொல்லிடும். ஆங்கிள் கியருக்கு ஆயில் தனி, அதையும் இறக்கி இரும்புத்தூள் இருக்கான்னு பாத்துடுங்க.

ட்ராக்டே_சென்னை:
ரொம்ப பயமுறுத்தாதீங்க. என் ஃப்ரெண்டு இதே டைப் வண்டிய ஃபியூஸ் எடுத்துட்டு ரெண்டு வீல் டைனோவுல ஏத்தினான், ஒரு வருஷம் ஆச்சு நல்லாத்தான் ஓடுது.

அம்பத்தூர்_கியர்பாக்ஸ்:
ஓடலாம் தம்பி, ரெண்டு சின்ன ரன்னோட நிறுத்தியிருந்தா தப்பிச்சிருப்பாரு. ஆனா ஒரு வருஷமா ஆயில் மாத்தாம இருந்தா மாத்த சொல்லுங்க. ரெண்டு வீல் டைனோதான் இருக்குன்னா ப்ராப்பெல்லர் ஷாஃப்ட்டையே கழட்டிட்டு ஏத்தறதுதான் முறை, அரை நாள் வேலை. அந்த வேலைக்கு சோம்பல்பட்டுதான் ஃபியூஸ் புடுங்கறாங்க.

ரொறன்ரோ_ரேர்போ:
வணக்கம். என்னட்ட 2013 சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், மனுவல். நாலு சில்லு டைனோ எண்டாலே பயமில்லை எண்டு ஒருத்தரும் நினைக்காதேங்கோ. நான் ஏத்தினதும் நாலு சில்லு டைனோதான், ஆனா முன் ரோலரையும் பின் ரோலரையும் இணைக்க பெல்ட்டும் இல்லை ஷாஃப்டும் இல்லை, ரெண்டும் தன்ரபாட்டுக்கு ஓடினது. என்ர காரில நடு டிஃபரன்ஷியலில விஸ்கஸ் கப்ளிங், உள்ளுக்க சிலிக்கோன் எண்ணெய், முன்னுக்கும் பின்னுக்கும் வேகம் வேற வேற எண்டால் அது சூடாகி இறுகும். அண்டைக்கு அஞ்சு ஓட்டம் ஓடினம், பின்னேரம் வீட்ட வந்து பார்க்கிங்கில திருப்பேக்க ஹாண்ட்பிரேக் போட்டு இழுக்கிற மாதிரி இருந்தது. கடைசியில நடு டிஃபரன்ஷியலையே மாத்த வேண்டி வந்தது.

அதால ஏத்த முதல் ரெண்டு கேள்வி கேளுங்கோ. ரோலர் ரெண்டும் இணைச்சிருக்கோ, இல்லாட்டி கொம்பியூட்டராலயாவது ஒரே வேகத்தில வச்சிருக்கோ எண்டு ஒண்டு. மற்றது ரயர். நாலு ரயருக்கும் சுற்றளவு வித்தியாசம் கால் அங்குலத்துக்குள்ள, அதாவது 6.4 மில்லிமீற்றருக்குள்ள இருக்க வேணும் எண்டு சுபாரு சொல்லுது. ரயர் பூ 1 மில்லிமீற்றர் கூடக் குறைய தேஞ்சாலே சுற்றளவு 6.3 மாறும், கணக்குப் பாருங்கோ. உங்கட கார் வேற கொம்பனிதான், எண்டாலும் ஒருக்கா அளந்து பாருங்கோ.

கோவை_டிடி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நேத்து பிரிச்சாச்சு. அம்பத்தூர் அண்ணன் சொன்ன மாதிரி ஷாஃப்ட்ட புடிச்சுக்கிட்டு சுத்தி பாத்தோம், ரெண்டு பேர் சேந்தும் திருப்ப முடியல. ஆயில் கரி மாதிரி வந்துச்சு. பம்ப் வலை கண்ணே தெரியல, கருப்பு சேறு அப்பிக்கிட்டு இருந்தது, விரல்ல எடுத்து தேச்சா நறநறன்னு இருக்கு. பிளேட்டுல நாலு நீலம் பாஞ்சு கெடக்கு, ரெண்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருந்தத ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பித்தான் பிரிச்சாங்க. ஆங்கிள் கியர் ஆயில் சுத்தமா இருந்துச்சு, அதுல போன உசுரு திரும்பி வந்துச்சு.

ஃபியூஸ் விஷயமும் தெரிஞ்சிடுச்சு. மூணு ரன்னையும் என் தம்பி போன்ல வீடியோ எடுத்திருந்தான். முதல் ரெண்டு ரன்ல மீட்டர்ல மஞ்சள் லைட் எரியுது, மூணாவதுல அந்த லைட்டே இல்ல. இறக்கறப்ப ஃபியூஸ போட்டவங்க மறுபடி எடுக்க மறந்துட்டாங்க. வீடியோவ காட்டுனேன், ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு பார்ட்ஸ் செலவுல பாதி தர்றோம்னு ஒத்துக்கிட்டாங்க. முழுசா கேக்கறதா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணல, இதுல அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

டயரும் அளந்தேன் அண்ணே. த்ரெட் ஆழம் முன்னாடி 4 மில்லிமீட்டர், பின்னாடி 6. நாலையும் ஒண்ணா மாத்த ஆர்டர் போட்டுட்டேன், அது வர்ற வரைக்கும் வண்டி ஸ்டாண்டு மேலதான் நிக்குது.