பங்குனியில ஏரிக்கரை தூண்டில்: கெண்டை எப்போ கடிக்கும்?

கொடைக்கானல் வர்றேன், படகு வேணாம், கரையிலருந்தே போடலாம்னு இருக்கேன். விடியக்காலைலயே போகணுமா? இரை என்ன?

தக்கைமணி: அவசரமே வேணாம் தம்பி, மலையில ராத்திரி குளிருக்கு தண்ணி சில்லுனு கெடக்கும், வெயில் ஏறி ஓரத்து ஆழமில்லாத தண்ணி சூடானதும் கெண்டை பாசிப்பக்கம் மேய வரும், மதியம் வரைக்கும்கூட கடிக்கும். மண்புழு, இல்லனா கோதுமைமாவு உருண்டை. சின்ன முள்ளு, லேசான ஈயம். முட்டை போடுற சீசன், வயிறு பெருத்ததை விட்ருங்க.

ஊட்டிக்காரன்: மீன்வளத்துறைல பர்மிட் கேட்டுட்டு உக்காருங்க. எங்க நீலகிரில மிரர் கார்ப்ங்கிற கெண்டை வகை 1939ல சிலோன்லருந்து வந்தது, செதில் அங்கங்க பெருசா இருக்கும். டிரவுட் மீனுக்கு இந்த உருண்டைலாம் வேலைக்காகாது!

தக்கைமணி: கரையில தொம்முனு நடக்காதீங்க, அதான் முக்கியம்.