இரண்டு லைன் ரௌட்டர் வைத்திருப்பவர்களே, உங்கள் அனுபவம் என்ன?

தேக்கா மளிகை எழுதியது:

என் மாமாவுக்குச் சிங்கப்பூர் தேக்காவில் மளிகைக் கடை. காக்கி புக்கிட்டில் ஒரு சின்ன ஸ்டோர். கணக்கு எழுதுபவர்கள் சென்னை மண்ணடியில். மூன்றையும் விபிஎன்னில், அதாவது இணையத்துக்குள் போட்ட தனி ரகசியப் பாதையில், இணைத்து வைத்திருப்பது நான். எனக்கு வேலை வேறு இடத்தில். ‘நீ கம்ப்யூட்டர் படிச்ச பையன்தானே’ என்ற ஒரே தகுதியில் கடை நெட்வொர்க் என் தலையில் விழுந்தது.

ஒரு வருஷம் தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை சாயங்காலம் இணையம் போய்விட்டது. கார்டு மெஷின் கடை வைஃபையில் ஓடுவது. ‘ரொக்கம் மட்டும்’ என்று அட்டையில் எழுதி மாட்டினோம். நாலைந்து பேர் கூடையை அப்படியே வைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனதை மாமா இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார். அதற்கடுத்த வாரமே இரண்டு லைன் போடும் விபிஎன் ஃபயர்வால் ரௌட்டர் ஒன்றை வாங்கினேன். இன்னொரு நிறுவனத்திடம் இரண்டாவது ஃபைபரும் எடுத்தோம். பெட்டியின் பின்னால் வேன்-1, வேன்-2 (WAN, வெளியிலிருந்து வரும் லைனைச் செருகும் இடம்) என்று இரண்டு துளை. ‘ரெண்டு வேனையும் ஒரே நேரத்தில் ஓட்டப் போகிறேன் மாமா’ என்றேன். ‘ஒண்ணு ஜூரோங்குக்குப் போயிருக்கேப்பா’ என்றார்.

காசு கட்டும் லைன் எதுவும் சும்மா கிடக்கக் கூடாது என்பது அவர் கட்டளை. அதனால் முதலில் லோட் பேலன்ஸில், அதாவது இரண்டு லைனும் வேலையைப் பகிர்ந்துகொள்ளும்படி, போட்டேன். மறுநாளே கணக்குப் பெண் போன் செய்தார்: வங்கித் தளத்தில் நுழைந்த இரண்டாவது நிமிஷம் வெளியே தள்ளுகிறதாம். காரணம் எளிது. ஒரு பக்கம் முதல் லைனில் போகிறது, அடுத்த பக்கம் இரண்டாவது லைனில் போகிறது. வங்கிக்கு ஒரே ஆள் இரண்டு ஐபி முகவரியிலிருந்து வருவதாகத் தெரிகிறது. திருடன் என்று கதவைச் சாத்திவிடுகிறது. 443 போர்ட்டில் (பூட்டுப் போட்ட https தளங்கள் பயன்படுத்தும் வாசல் எண்) போவதை எல்லாம் முதல் லைனுக்கே கட்டிப்போட்ட பிறகுதான் நிம்மதி. ஆனால் இன்றைக்கு எல்லாத் தளமும் 443-இல்தானே? அப்புறம் பேலன்ஸ் செய்ய மிச்சம் என்ன இருக்கிறது! பேசாமல் ஃபெயில்ஓவருக்கு மாறினேன். ஒரு லைன் ஓடும், இன்னொன்று காத்திருக்கும். இரண்டு 1 ஜிகாபிட் லைன் சேர்ந்தால் ஒரு டவுன்லோடு 2 ஜிகாபிட்டில் வரும் என்று நினைப்பவர்கள் கவனிக்கவும்: வராது. ஒரு இணைப்பு ஒரு லைனில்தான் போகும்.

இதெல்லாம் சில்லறை. பெரிய அடி ஆறு மாதம் கழித்து. பக்கத்தில் எங்கோ தோண்டினார்கள், முதல் லைன் செத்தது. ‘கவலைப்படாதீங்க மாமா, இப்ப மாறிடும்’ என்று நான் போனில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவதும் செத்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் இரண்டு ஓஎன்டி பெட்டியிலும் (ஃபைபரை ரௌட்டரோடு இணைக்கும் பெட்டி) சிவப்பு விளக்கு.

இரண்டு நிறுவனம், இரண்டு பில், இரண்டு ஓஎன்டி. ஃபைபர் வந்து முடியும், சுவரில் இருந்த டெர்மினேஷன் பாயின்ட் மட்டும் ஒன்றே ஒன்று. இங்கே வீடுகளுக்கும் சின்னக் கடைகளுக்கும் வரும் ஃபைபர் பெரும்பாலும் நெட்லிங்க் டிரஸ்ட் என்ற ஒரே அமைப்பு போட்டதுதான். நிறுவனங்கள் அதன் மேல் சேவை விற்கின்றன. நான் வாங்கியது ஒரே குழாயில் வரும் இரண்டு நூல். ஒரு நிறுவனத்தின் சர்வர் படுத்தால் இன்னொன்று காப்பாற்றும். மண்வெட்டி விழுந்தால் காப்பாற்றாது. முன்பு டெலிபோன் ஒயரில் ஒன்று, டிவி கேபிளில் ஒன்று என்று நிஜமாகவே இரண்டு வழி இருந்தது. ஸ்டார்ஹப் கேபிள் சேவையை 2019 செப்டம்பரோடு நிறுத்தியதும் அந்த வசதி போயிற்று.

இப்போது இரண்டாவது ஃபைபரை ரத்து செய்துவிட்டு அந்தத் துளையில் சிம் போட்ட 5ஜி பெட்டியைச் செருகியிருக்கிறேன். உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

ஊபி பட்டறை எழுதியது:

எங்களுக்கு லைன் பிரச்சினையே இல்லை. விபிஎன் பச்சை விளக்கு எரியும், ஆனால் திருச்சி ஆபீஸ் பிரிண்டரைக் கூடத் தொட முடியாது. மூன்று ராத்திரி ஐபிசெக் (விபிஎன்னைப் பூட்டும் முறை) அமைப்பை இரண்டு பக்கமும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டோம். சாவி சரி, என்கிரிப்ஷன் சரி. கடைசியில் பார்த்தால் உள் நெட்வொர்க்கின் முகவரி இங்கேயும் 192.168.1, அங்கேயும் 192.168.1. ரௌட்டர் வாங்கும்போது வந்த எண்ணை இருவருமே மாற்றவில்லை. 192.168.1.20 எங்கே என்று கேட்டால், கம்ப்யூட்டர் அதைப் பக்கத்து மேசையில்தானே தேடும்? இந்தப் பக்கத்தை 192.168.47 ஆக்கினேன், ஐந்து நிமிஷத்தில் எல்லாம் பேசியது. எந்தக் கிளைக்கும் 192.168.0, 192.168.1 இரண்டையும் வைக்காதீர்கள்.

இன்னொன்று. டேலி (கணக்கு மென்பொருள்) கோப்பைத் திருச்சியிலிருந்து விபிஎன் வழியாக நேரே திறக்கப் பார்த்தோம். ஆமை. லைனைக் கூட்டு என்றார் அண்ணன், கூட்டினோம், அதே ஆமை. பிறகுதான் புரிந்தது, இது அகலப் பிரச்சினை இல்லை, தூரப் பிரச்சினை. 2002-இல் வந்த சென்னை–சிங்கப்பூர் ஐ2ஐ கடலடி கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும், ஆக போய்வர குறைந்தது 32 மில்லி விநாடி. கோப்பைத் திறக்க ஆயிரம் தடவை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு வாங்க வேண்டுமானால் அரை நிமிஷம் காத்திருப்பிலேயே போய்விடும். இப்போது டேலி இங்கேயே ஓடுகிறது, திருச்சிக்காரர்கள் ரிமோட் டெஸ்க்டாப்பில் வந்து வேலை பார்க்கிறார்கள். திரை மட்டும்தான் கடல் தாண்டுகிறது. சண்டை நின்றது.

சர்வீஸ் போகிறவன் எழுதியது:

நான் கடை கடையாகப் போய் இந்தப் பெட்டிகளைப் பார்ப்பவன். மூன்று விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது.

லைன் செத்தும் மாறாது. கேபிளில் விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்க்கும்படி விட்டிருப்பார்கள். ரௌட்டருக்கும் ஓஎன்டிக்கும் நடுவில் விளக்கு எரியத்தான் செய்யும், அதற்கு அப்பால் சாலை இல்லை. வெளியே 8.8.8.8 போல இரண்டு முகவரிக்கு பிங் போட்டு, பதில் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

டிராயரில் தூங்கும் டாங்கிள் (சிம் போட்டு இணையம் தரும் சின்னக் குச்சி). ‘பேக்கப் இருக்கு தம்பி’ என்று ஒரு பெரியவர் எடுத்துக் காட்டினார். 3ஜி டாங்கிள். சிங்கப்பூரில் 3ஜியை 2024-இல் நிறுத்தியது அவருக்குத் தெரியாது.

மூன்றாவதுதான் பயம். பத்துப் பதினைந்து வருஷப் பெட்டி, ‘ஓடுது, ஏன் மாத்தணும்?’ சிஸ்கோ ஆர்வி042, ஆர்வி082 போன்ற பழைய இரட்டை லைன் ரௌட்டர்களில் பாஸ்வேர்டு இல்லாமலே நுழைய வழி இருப்பதாக 2023 ஜனவரியில் அந்த நிறுவனமே அறிவித்தது. ஆயுள் முடிந்த மாடல்கள் என்பதால் திருத்தம் வராது என்றும் சொல்லிவிட்டது. ரிமோட் மேனேஜ்மென்ட்டை அணைத்து 443, 60443 போர்ட்டுகளை அடைக்கச் சொன்னது. அணைப்பது தற்காலிகம்தான், பெட்டியை மாற்றுங்கள். பிபிடிபி என்ற பழைய, பாதுகாப்பில்லாத விபிஎன் இன்னும் வைத்திருப்பவர்களோடு நான் வாதாடுவதில்லை, நேரே நிறுத்திவிடுகிறேன்.

ஊபி பட்டறை எழுதியது:

யுபிஎஸ்ஸை விட்டுவிட்டீர்களே. பிரேக்கர் விழுந்தால் ஓஎன்டி, ரௌட்டர், 5ஜி பெட்டி மூன்றுமே ஒன்றாகப் படுக்கும்.

தேக்கா மளிகை எழுதியது:

போட்டாச்சு அண்ணே. பழைய பேட்டரி, ஆனாலும் அரை மணி தாங்குகிறது.

5ஜிக்கு மாறியதில் ஒரு தலைவலி, யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன். மண்ணடி ரௌட்டர்தான் இங்கே கூப்பிட்டு விபிஎன்னைத் தொடங்கும்படி வைத்திருந்தேன். சிம்முக்குக் கிடைத்ததோ 100.64-இல் தொடங்கும் முகவரி. அது நிறுவனத்துக்குள்ளேயே பலர் பகிர்ந்துகொள்ளும் முகவரி, வெளியிலிருந்து யாரும் கூப்பிட முடியாது. கடையில் இணையம் இருந்தது, மண்ணடி மட்டும் இல்லை. அதனால் திசையைத் திருப்பினேன். மண்ணடியில் நிலையான ஐபி வாங்கி, இங்கிருந்து கூப்பிட வைத்தேன். கூப்பிடும் ரௌட்டரை ஐபியை வைத்து இல்லாமல் பெயரை வைத்து அடையாளம் காணும்படி இரண்டு பக்கமும் மாற்றினேன். இப்போது லைன் மாறினால் ஒரு நிமிஷத்துக்குள் விபிஎன் தானே எழுந்து வருகிறது.

இது நிஜமாக வேலை செய்கிறதா என்று பார்க்க, மாதத்தின் முதல் திங்கட்கிழமை கடை திறக்கும் முன் முதல் லைனை மாமாவே பிடுங்குவார். ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகுவார். போன மாதம் செருக மறந்துவிட்டார். கார்டு மெஷின் ஓடியது, மண்ணடியும் ஓடியது, யாருக்கும் எதுவும் தெரியவில்லை. வியாழக்கிழமை ‘உங்கள் டேட்டா முடியப் போகிறது’ என்று சிம்முக்கு மெசேஜ் வந்தபோதுதான் தெரிந்தது. மாமாவிடம் கேட்டேன். ‘நாலு நாள் சோதிச்சுப் பார்த்தேன்’ என்றார்.