இங்கிலாந்து ஆற்றில் கழிவு: குடும்பக் குழுவில் ஒரு மாலை

அக்கா: இன்றைக்குப் பிள்ளைகளை யாரும் ஆற்றுப் பக்கம் கூட்டிப் போகாதீர்கள். நடைபாலத்துக்குக் கீழே உள்ள குழாயிலிருந்து கழிவுநீர் வருகிறது.

அக்கா: 📷 படம்

அத்தை: ஐயோ. அந்த முள்செடியில் வெள்ளையாகத் தொங்குவது என்ன, துணியா?

அக்கா: வெட் வைப்ஸ் அத்தை. டாய்லெட்டில் போடுகிறார்களே, அதுதான். கல்லெல்லாம் சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஏதோ படிந்திருக்கிறது.

தம்பி: கழிவுநீரில் வளரும் பாக்டீரியா படலம் அது. ஒரே நாளில் அவ்வளவு வராது. ரொம்ப நாளாகவே விடுகிறார்கள் போல.

பெரியப்பா: மழை பெய்தால் இப்படித்தான். பழைய ஊர்களில் மழைநீருக்கும் சாக்கடைக்கும் ஒரே குழாய். ஆற்றில் திறந்துவிடாவிட்டால் வீட்டுக்குள் ஏறிவிடும். அதற்கு அனுமதியே கொடுத்திருக்கிறார்கள்.

அக்கா: மழை எங்கே பெரியப்பா? இந்த வாரம் முழுக்க வெயில்தானே!

தம்பி: அதுதான் விஷயம். அனுமதி கனமழைக்குத்தான். காய்ந்த நாளில் விட்டால் சட்டமீறல். 2023 கடைசிக்குள் இங்கிலாந்தில் இந்த மாதிரி எல்லாக் குழாய்களிலும் கண்காணிப்புக் கருவி வைத்தாகிவிட்டது. 2024இல் மட்டும் 4,50,398 தடவை திறந்திருக்கிறார்கள், மொத்தம் 36 லட்சம் மணி நேரம். நம் குழாயைக் கம்பெனியின் ஆன்லைன் மேப்பில் பார்த்தேன், ‘வெளியேற்றம் இல்லை’ என்று காட்டுகிறது 🙄

அத்தை: அபராதம் போட மாட்டார்களா?

தம்பி: போடுகிறார்கள் அத்தை. 2021இல் சதர்ன் வாட்டர் என்ற தண்ணீர் கம்பெனிக்கு 9 கோடி பவுண்டு. 6,971 தடவை சட்டவிரோதமாக விட்டதற்கு. 2025 மே மாதம் தேம்ஸ் வாட்டர் கம்பெனிக்கு, தண்ணீர் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஆஃப்வாட் 12.27 கோடி பவுண்டு போட்டது. அதில் பெரும்பங்கு கழிவுநீருக்கு, மீதி விதியை மீறிப் பங்குதாரர்களுக்கு டிவிடெண்டு கொடுத்ததற்கு.

பெரியப்பா: எல்லாம் நம் தண்ணீர் பில்லில்தானே வந்து விழும்.

தம்பி: அபராதத்தைப் பில்லில் ஏற்றக்கூடாது பெரியப்பா, கம்பெனியும் முதலீட்டாளர்களும்தான் கட்ட வேண்டும். பில் ஏறுவது வேறு கணக்கு: குழாய், சுத்திகரிப்பு நிலையம் என்று 2030க்குள் சராசரியாக 36%, விலைவாசி உயர்வு தனி.

அக்கா: தேம்ஸ் அந்த அபராதத்தைத் தவணையில் கட்ட ஆஃப்வாட் ஒத்துக்கொண்டதே, அதையும் சொல்லு.

பெரியப்பா: நாம் ஒரு தவணை தவறினால் சிவப்புக் கடிதம் வருகிறது. அவர்களுக்குத் தவணையே சலுகை! 1989இல் தண்ணீர் சேவையைத் தனியாருக்கு விற்றபோதே சொன்னேன், யார் கேட்டார்கள்?

அத்தை: அண்ணா, அப்போது நீங்கள் இந்த நாட்டுக்கே வரவில்லை 😂

பெரியப்பா: ஊரிலிருந்தே சொன்னேன்.

தம்பி: 😂 ஆனால் தண்ணீர் கம்பெனிகளுக்காக 2025இல் வந்த புதுச் சட்டத்தில் கொஞ்சம் பல் இருக்கிறது. அந்த ஜூனிலேயே 6 கம்பெனிகளின் மேலதிகாரிகளுக்குப் போனஸ் தடை. விசாரணையைத் தடுத்தால் 2 வருஷம் வரை சிறை. பணத்தைவிட அதற்குத்தான் பயப்படுவார்கள் என்று நினைக்கிறேன்.

அக்கா: சரி, இப்போது யாரிடம் சொல்வது? கம்பெனிக்குப் போன் செய்தேன், ‘எங்கள் பதிவில் எதுவும் இல்லை’ என்றார்கள்.

தம்பி: சுற்றுச்சூழல் முகமைக்குச் சொல்லு. 0800 80 70 60, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். நிறம், நாற்றம், மீன் செத்திருக்கிறதா, மழை இல்லை, எல்லாம் சொல்லு. மேப்பை நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன். நீ எடுத்த படத்தை டாக்குமென்டாக அனுப்பு, இங்கே சாதாரணமாகப் போட்டால் எடுத்த நேரம் அழிந்துவிடும்.

அத்தை: தண்ணீரில் கை வைக்காதே. நாயையும் குளிப்பாட்டு.

அக்கா: 📎 கோப்பு

அக்கா: போன் செய்துவிட்டேன். புகார் எண் கொடுத்தார்கள். பெரியப்பா, உங்கள் வீட்டு மாடியிலிருந்து அந்தக் குழாய் தெரியுமே, காலையில் ஒரு படம் எடுத்து அனுப்புகிறீர்களா?

பெரியப்பா: ஆறு மணிக்கே எழுந்துவிடுவேன். அந்த டாக்குமென்ட் எப்படி அனுப்புவது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.