மஞ்சக்குப்பம் குடும்பக் குழு: அகச்சிவப்பில் தெரியும் வானம்

கவின்: பெரியப்பா, 700 ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள ஒரு கோளின் காற்றில் கரியமில வாயு இருப்பதாக ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கண்டறிந்ததாமே. அங்கே போகாமல் அதை எப்படி அறிகிறார்கள்?

பெரியப்பா: வாஸ்ப்-39பி என்ற கோளைத்தான் கேட்கிறாய். அது தன் விண்மீனுக்கு முன்னால் கடக்கும்போது, விண்மீன் ஒளியின் ஒரு சிறு பகுதி கோளின் வளிமண்டல விளிம்பினூடே புகுந்து நம்மை வந்தடைகிறது. ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய சில அலைநீளங்களை விழுங்கிவிடும். நீராவி, மீத்தேன், கரியமில வாயு ஆகியவற்றின் வலுவான அடையாளங்கள் அகச்சிவப்பில்தான், அதாவது சிவப்பைவிட அலைநீளம் கூடிய, கண்ணுக்குத் தெரியாத ஒளியில்தான் இருக்கின்றன. 2022இல் எடுத்த நிறமாலையில், அதாவது ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த பதிவில், 4.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அருகே ஒளி குறைந்திருந்தது. அது கரியமில வாயுவின் இடம். அதே கோளில் கந்தக டை ஆக்சைடும் அகப்பட்டது. விண்மீன் ஒளி பட்டு நிகழும் வேதிவினையால் அது உருவாகிறது என்பதால், என்னைக் கேட்டால் அதுவே பெரிய செய்தி.

மல்லிகா அத்தை: அண்ணா, தொலைதூர விண்மீன் மண்டலங்களை அகச்சிவப்பில் பார்ப்பதற்கும் இதே காரணம்தானா?

பெரியப்பா: இல்லை மல்லிகா, அங்கே கதை வேறு. ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற மண்டலத்தின் ஒளி, பேரண்டத்துக்கு 30 கோடி வயதுகூட நிரம்பாதபோது புறப்பட்டது. வழியெங்கும் வெளி விரிந்துகொண்டே வந்ததால் அதன் அலைநீளம் ஏறத்தாழ 15 மடங்கு நீண்டு, புற ஊதாவாகக் கிளம்பியது அகச்சிவப்பாக வந்து சேர்கிறது. இடையில் உள்ள ஹைட்ரஜன் குறுகிய அலைகளை விழுங்கிவிடுவதால், ஏறத்தாழ 1.8 மைக்ரானுக்குக் கீழே அதிலிருந்து ஒளியே வருவதில்லை. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் பார்வை 1.7 மைக்ரானோடு முடிந்துவிடுகிறது. எவ்வளவு நேரம் உற்று நோக்கினாலும் அதற்கு இந்த மண்டலம் தென்பட்டிருக்காது.

கவின்: அப்படியானால் இதையெல்லாம் தரையிலிருந்தே பார்க்க முடியாதா?

செல்வம் சித்தப்பா: தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்றா கேட்கிறாய்? காற்றில் உள்ள நீராவியே அகச்சிவப்பின் பெரும்பகுதியை மறித்துவிடும். அதனால்தான் லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில், வறண்ட காற்றைத் தேடிப் போய் நம்மவர்கள் தொலைநோக்கி அமைத்தார்கள்.

பெரியப்பா: அங்கும் முழுத் தீர்வு இல்லை, செல்வம். தரை, காற்று, தொலைநோக்கி எல்லாமே வெப்பத்தால் அகச்சிவப்பில் ஒளிர்கின்றன. பட்டப்பகலில் விண்மீன் தேடுவது போலத்தான். ஆகவே ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைப் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், ஐந்தடுக்குத் திரையின் நிழலில் வைத்திருக்கிறார்கள். அதன் ஒரு கருவியை மட்டும் 7 கெல்வினுக்கும் (ஏறத்தாழ மைனஸ் 266 டிகிரி செல்சியஸ்) கீழே குளிர்விக்க வேண்டியிருக்கிறது. முன்பு ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியில் குளிர்விக்க வைத்திருந்த திரவ ஹீலியம் 2009இல் தீர்ந்துபோனதும் நீண்ட அலைநீளங்களைக் காணும் திறன் போய்விட்டது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில் ஹீலியம் வாயு மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பதால் அந்தக் குறை இல்லை.