டீலக்ஸ் ரிவெர்பா, மாடலரா? ஃப்ளாட், ஜாம் ரூம், மேடை மூன்றுக்கும் எது சரி?

வேளச்சேரி_ஸ்ட்ராட்:

வணக்கம் நண்பர்களே. கிட்டார் ஸ்ட்ராட், சிங்கிள் காயில் பிக்கப் (ஹம் எளிதில் பிடிக்கும் ஒற்றைச் சுருள் வகை). வாசிக்கும் இடங்கள் மூன்று: மூன்றாவது மாடி ஃப்ளாட், வாரம் ஒருமுறை ஜாம் ரூம், மாதம் இரண்டு மூன்று ரிசப்ஷன் கச்சேரி. பெரும்பாலும் கிளீன் டோன், கொஞ்சம் கிரஞ்ச் (லேசாக உடையும் சத்தம்). நிறைய வழுக்கல், கமகம் சார்ந்த வாசிப்பு.

ஒரே பட்ஜெட்டில் இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, அமெரிக்காவிலிருந்து வந்த செகண்ட் ஹேண்ட் டீலக்ஸ் ரிவெர்ப் ரீஇஷ்யூ, அதாவது ஃபெண்டரின் பழைய ட்யூப் (வால்வு) ஆம்பின் மறுவெளியீடு, 120 வோல்ட். இன்னொன்று, ஃப்ளோர் மாடலர் (ஆம்ப், ஸ்பீக்கர் சத்தங்களை டிஜிட்டலாகப் போலி செய்யும் தரைப் பெட்டி) ஒன்றும் 12 இன்ச் பவர்டு ஸ்பீக்கரும். மாடலரை ஹெட்ஃபோனில் கேட்டேன், ஆம்பை நேரில் கேட்டேன். ஆம்ப் முன்னால் நின்று பேசுகிறது, மாடலர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இந்த வித்தியாசம் மாடலரின் குறையா, நான் கேட்ட விதத்தின் குறையா? 120 வோல்ட் ஆம்பைச் சென்னையில் ஓட்டுவதில் என்ன சிக்கல் வரும்?

ஐஆர்_ஆராய்ச்சி:

பெரும்பகுதி கேட்ட விதம்தான். ஹெட்ஃபோனில் வந்தது மைக் வைத்துப் பதிவுசெய்த ஆம்பின் சத்தம். மாடலருக்குள் இருக்கும் ஐஆர் (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்) என்பது ஒரு ஸ்பீக்கரையும் அதன் முன் நின்ற ஒரு மைக்கையும் படம் பிடித்து வைத்தது. 48 கிலோஹெர்ட்ஸில் 2048 சாம்பிள் என்றால் வெறும் 43 மில்லி செகண்ட். நேரில் கேட்டபோதோ 12 இன்ச் ஸ்பீக்கரும் அறைச் சுவர்களும் சேர்ந்து அடித்தன. நிஜ டீலக்ஸ் ரிவெர்புக்கு மைக் வைத்து அடுத்த அறையில் ஹெட்ஃபோனில் கேட்டாலும் அதே கண்ணாடி குறுக்கே நிற்கும்.

நியாயமாக ஒப்பிட, இரண்டையும் ஒரே ஸ்பீக்கரில் கேளுங்கள். டீலக்ஸ் ரிவெர்பில் எஃபெக்ட்ஸ் லூப் (ஆம்பின் நடுவே வெளிக் கருவியை இணைக்கும் ஜாக்குகள்) கிடையாது, அதனால் மாடலரை நேராக அதன் பவர் ஆம்பில் சொருகும் வழி இல்லை. ஆம்பை அணையுங்கள். பின்னால் ஸ்பீக்கர் ஜாக்கைக் கழற்றி, 8 ஓம் தாங்கும் சின்ன சாலிட் ஸ்டேட் பவர் ஆம்பில் கொடுங்கள். மாடலரில் கேபினட் பிளாக்கை (ஸ்பீக்கர் ஐஆர் இருக்கும் பகுதி) மட்டும் அணைத்து பவர் ஆம்பில் இணையுங்கள். திரும்ப ட்யூப் ஆம்பை ஆன் செய்யும் முன் ஸ்பீக்கர் அதில் சொருகியிருக்கிறதா என்று பார்த்தே தீரவேண்டும். லோடு (ஸ்பீக்கர்) இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம்.

அடுத்தது சத்த அளவு. அரை டெசிபல் கூடினாலே காதுக்கு 'நல்லா இருக்கு' என்று தோன்றும். போனில் எஸ்பிஎல் (சத்த அளவு) ஆப், அதில் சி வெயிட்டிங், ஸ்லோ என்ற அமைப்புகள், ஒரு மீட்டர் தூரம். போன் காட்டும் எண் தவறாக இருக்கலாம், ஆனால் இரண்டுக்கும் ஒரே அளவு தவறு என்பதால் ஒப்பிடப் போதும். ஆம்பில் வால்யூம் 4, ட்ரெபிள் 6, பாஸ் 4 என்று வைத்தால் மாடலிலும் அதே. இந்த ஆம்பில் மிட் குமிழும் மாஸ்டரும் கிடையாது. மாடலில் மாஸ்டர் என்று ஒன்று இருந்தால் அது பவர் ஆம்ப் எவ்வளவு உழைக்கிறது என்பதைச் சொல்வது, சத்தம் குறைக்க அதைத் தொடாதீர்கள். சத்தத்துக்குச் சேனல் வால்யூம் இருக்கிறது. 'மாடலர் செத்துக் கிடக்கிறது' என்ற புகார்களில் நிறைய இந்த ஒரு குமிழில் தீர்ந்துவிடும்.

இப்போது இவற்றை வாசித்துப் பாருங்கள்.

கிட்டார் வால்யூமை 10, 6, 3 என்று இறக்குங்கள். ட்யூப் ஆம்பில் கிரஞ்ச் படிப்படியாகக் கரைந்து கிளீன் ஆகும். நல்ல மாடலும் அப்படியே செய்யும். வயர்லெஸ் வைத்திருந்தால் இந்தச் சோதனைக்குக் கேபிளுக்கு மாறுங்கள். 6 மீட்டர் கேபிள் தன் கெபாசிட்டன்ஸால் கொஞ்சம் ட்ரெபிளை விழுங்கும், வயர்லெஸில் அது இருக்காது. அந்த வித்தியாசத்தைப் பலர் மாடலர் தலையில் கட்டுகிறார்கள்.

12வது ஃப்ரெட்டுக்கு மேல், கெயின் கூட்டி, ஒரு ஸ்வரத்தை மெதுவாக இழுங்கள். ஸ்வரம் மேலே ஏறும்போது அடியில் ஒரு மெல்லிய விசில் கீழே இறங்கினால் அது ஏலியாசிங். டிஜிட்டலுக்கே உரிய குறை, எந்த ட்யூபும் இதைச் செய்யாது. கமகம் வாசிப்பவர் காதில் இது முதலில் விழும். ஓவர்சாம்பிளிங் (உள்ளே சாம்பிள் வேகத்தைக் கூட்டுவது) அமைப்பு இருந்தால் கூட்டிப் பாருங்கள். குறையாவிட்டால் அந்த மாடலரை விட்டுவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மிஞ்சும் வித்தியாசம் ஒன்று உண்மையானது. 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் (மின் தடை) 80–100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் 30 ஓமுக்கு மேல் போகும், ட்ரெபிள் பக்கமும் ஏறும். ட்யூப் பவர் ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் அதிகம் என்பதால் அந்த இடங்களில் வோல்டேஜும் கூடவே ஏறும். அடியில் ஒரு உதை, மேலே ஒரு மினுக்கு. சாலிட் ஸ்டேட் பவர் ஆம்ப் ஸ்பீக்கரைக் கண்டுகொள்ளாமல் நேர்கோடாக ஓட்டும். அந்த உதை வேண்டுமென்றால் பவர் ஆம்ப் மாடலை அணைக்காமல் விடுங்கள், கேபினட் பிளாக்கை மட்டும் அணையுங்கள். இதனால்தான் மேலேயும் அப்படிச் சொன்னேன்.

வால்வு_பட்டறை:

தம்பி, சத்தத்தைப் பத்தி மேல இருக்கவர் சரியா சொல்லிட்டார். நான் கரன்ட்டைச் சொல்றேன்.

120 வோல்ட் ஆம்பை நேரா நம்ம பிளக்ல சொருகினா ஃபியூஸ் போகும். ஃபியூஸுக்குப் பதிலா கம்பி சுத்தி வச்சிருந்தா பவர் டிரான்ஸ்ஃபார்மரே போகும். செகண்ட் ஹேண்ட் வாங்குறதுக்கு முன்னாடி ஃபியூஸைக் கழட்டிப் பாரு: பின்னாடி அச்சடிச்சிருக்க மதிப்புதானா, ஸ்லோ ப்ளோ வகையா? அதிக ஆம்பியர் போட்டிருந்தா உள்ளே ஏதோ பிரச்சினையை மறைச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் எடுக்கும்போது, ஆம்ப் பின்னாடி போட்டிருக்க வாட்டுக்கு ரெண்டு மடங்கு எடு. 180 வாட்னா 350–400 விஏ (டிரான்ஸ்ஃபார்மர் தாங்குற அளவு). எர்த் பின் உள்ளேயிருந்து வெளியே வரைக்கும் போகுதான்னு மல்டிமீட்டர்ல கன்டினியுட்டி பாரு, நிறைய மலிவான பெட்டியில எர்த் பொம்மைதான். ஹேர் டிரையருக்கு விக்கிற எலக்ட்ரானிக் டிராவல் கன்வெர்ட்டர் கூடவே கூடாது. லோடு போட்டு அளந்து பாத்தா 115லேர்ந்து 122க்குள்ள இருக்கணும். சில இடத்துல ராத்திரி லோ வோல்டேஜ்ல ஈபி 200க்கு இறங்குச்சுன்னா, பாதியா குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர் 100 தரும், ட்யூபைச் சூடாக்குற 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 5.25தான் கிடைக்கும். சத்தம் சோந்து போயிடும், ட்யூபுக்கும் நல்லதில்ல. ஸ்டெபிலைசர் போடு. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ல ஓட்டாத, இரைச்சல் சகிக்காது, டிரான்ஸ்ஃபார்மரும் சூடாகும். இன்னொண்ணு, 60 ஹெர்ட்ஸ்னு மட்டும் எழுதின டிரான்ஸ்ஃபார்மர் நம்ம 50 ஹெர்ட்ஸ்ல கூடுதலா சூடாகும். ஒரு மணி நேரம் ஓட்டிட்டு மேல கை வச்சுப் பாரு, கையை எடுக்க வச்சா வேண்டாம்.

வாங்கும்போது காது கொடுக்க வேண்டியது இரைச்சலுக்கு. ஆறாவது தந்தி மூணாவது ஃப்ரெட் ஜி 98 ஹெர்ட்ஸ். அதோட ஒட்டி 'ஜ்ஜ்'ன்னு வந்தா அது 100 ஹெர்ட்ஸ், ஃபில்டர் கெபாசிட்டர் காஞ்சிருக்கு. அதுக்கு ஒரு ஆக்டேவ் கீழே 'ம்ம்'ன்னு வந்தா 50 ஹெர்ட்ஸ், எர்த் லூப்போ ஹீட்டர் வயரிங்கோ. கிட்டாரைப் பிடுங்கின பிறகும் இருக்கான்னு பாரு, இல்லன்னா உன் சிங்கிள் காயில்தான். வால்யூம் ஏத்தி, ஒவ்வொரு 12ஏஎக்ஸ்7 (சின்ன ட்யூப்) மேலயும் பென்சிலால மெதுவா தட்டு. 'டிங்'னு கேட்டா மைக்ரோஃபோனிக் (அதிர்வை சத்தமாக்குது), அந்த ஒரு ட்யூபை மட்டும் மாத்தினா போதும். 6வி6 (பவர் ட்யூப்) பிளேட் ஆரஞ்சா சிவந்தா உடனே அணை. பயாஸ் (ட்யூப்ல ஓடுற கரன்ட்டைக் கட்டுப்படுத்துற வோல்டேஜ்) போயிருக்கு, இல்ல கப்ளிங் கெபாசிட்டர் ஒழுகுது.

புது 6வி6 போட்டா பயாஸ் பாக்கணும். 14 வாட் தாங்குற ட்யூபுக்கு 65 சதவீதம்னா 9.1 வாட், பிளேட்ல 415 வோல்ட் இருந்தா ஒரு ட்யூபுக்கு 22 மில்லி ஆம்பியர். இது தெரிஞ்சவங்க கையால செய்யணும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெபாசிட்டர்ல 400 வோல்ட் நிக்கும், ஆளைக் கொல்லும். ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடையில கெபாசிட்டர் எடுக்கும்போது வோல்டேஜ் அளவு 500ஆவது இருக்கட்டும், 105 டிகிரி வகையா கேளு.

கடல் பக்கம் வீடுன்னா உப்புக் காத்து ட்யூப் சாக்கெட்டைத் தின்னும். வருஷத்துக்கு ஒருமுறை கான்டாக்ட் கிளீனர். மாடலரும் தப்பாது, ஃபுட்ஸ்விட்சும் யூஎஸ்பி ஓட்டையும் முதல்ல போகும்.

ஆனா ஒண்ணு. மூணாவது மாடி ஃப்ளாட்ல இந்த ஆம்பை வால்யூம் 2ல வச்சு வாசிக்கிறதுக்காக வாங்காத. பவர் ட்யூப் தூங்கிட்டே இருக்கும். அஞ்சுக்கு மேல திருப்புற இடம் கிடைக்கும்னா மட்டும் வாங்கு. அப்படிக் கிடைச்சா, தந்தியும் ஸ்பீக்கரும் ஒண்ணை ஒண்ணு இழுத்துப் பிடிக்கிற அந்த சஸ்டெயினுக்கு ஈடு கிடையாது.

மேடை_ஒலி:

ரிசப்ஷன் கச்சேரிக்கு ட்யூப் ஆம்ப் தேவையா என்பதில் பட்டறை அண்ணனோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். அந்த சஸ்டெயின் உண்மை, ஆனால் அது காற்று வழியாக ஸ்பீக்கர் தந்தியைத் தொடுவதால் வருவது. மாடலரோடு ஒரு வெட்ஜையோ (தரையில் சாய்த்து வைக்கும் மானிட்டர்) பவர்டு ஸ்பீக்கரையோ முழங்கால் உயரத்தில் உங்களைப் பார்த்து வைத்தால் அதுவும் தந்தியைத் தொடும். இன்-இயரில் (காதுக்குள் வைக்கும் மானிட்டர்) மட்டும் வாசித்தால் வராது.

கல்யாண மண்டபம் என்றால் டைல்ஸ் தரை, கண்ணாடி, உயரமான கூரை. 12 இன்ச் ஸ்பீக்கரின் ட்ரெபிள் டார்ச் ஒளிபோல நேராகப் பாயும். வாசிப்பவர் கால் முட்டியில் அடித்துவிட்டு முதல் வரிசைக்காரர் காதைக் குத்தும். ஆம்ப் கொண்டுவருகிறவர் அதைச் சாய்த்துத் தன் காதைப் பார்க்க வைத்தால் தானே ட்ரெபிளைக் குறைத்துவிடுவார். மைக் என்றால் எஸ்எம்57, டஸ்ட் கேப் (ஸ்பீக்கரின் நடு மூடி) விளிம்பில், துணியிலிருந்து 2–3 சென்டிமீட்டர். மண்டபமே எதிரொலிக்கும், பேட்சில் (மாடலரில் சேமித்த சத்த அமைப்பு) ரிவெர்பைப் பாதியாக்குங்கள்.

மாடலர் கொண்டுவருகிறவர்கள் செய்யும் தவறு ஒன்றே ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது: கேபினட் ஐஆரை அணைத்தபடி மிக்ஸருக்குக் கொடுப்பது. ஸ்பீக்கர் கிட்டத்தட்ட 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிடும் ஒலியெல்லாம் அப்படியே பிஏவில் (மண்டப ஸ்பீக்கர்களில்) வரும், டப்பாவுக்குள் வண்டு மாட்டியதுபோல. மிக்ஸருக்குப் போகும் எக்ஸ்எல்ஆர் கேபிளில் ஐஆர் ஆன். மேடையில் கிட்டார் கேபினட் இருந்தால் அதற்குப் போகும் வழியில் மட்டும் ஆஃப். சவுண்ட் இன்ஜினியரிடம் 48 வோல்ட் ஃபாண்டமை (மைக்குகளுக்கு மிக்ஸர் அனுப்பும் மின்சாரம்) அந்தச் சேனலில் அணைக்கச் சொல்லுங்கள். ஹம் வந்தால் கிரவுண்ட் லிஃப்ட் பட்டனை அழுத்துங்கள், எர்த் பின்னை ஒருபோதும் உடைக்காதீர்கள். ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் முதலில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்கவேண்டும்: 2 வோல்ட்டுக்குள் நல்லது, 5ஐத் தாண்டினால் வயரிங்கில் கோளாறு இருக்கலாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ட்யூபோ டிஜிட்டலோ, இதில் வித்தியாசம் இல்லை.

தாமதத்தைப் பற்றி பயப்படுகிறவர்களுக்கு: மாடலர் 3, வயர்லெஸ் 4, டிஜிட்டல் மிக்ஸர் 2 என்று 9 மில்லி செகண்ட் வந்தாலும் அது 3 மீட்டர் தள்ளி நிற்கும் ஆம்புக்குச் சமம். ப்ளூடூத் ஹெட்ஃபோனில் மட்டும் வாசிக்காதீர்கள், அதில் பெரும்பாலும் 100ஐத் தாண்டும்.

வேளச்சேரி_ஸ்ட்ராட்:

மூவருக்கும் நன்றி. ஒரே ஸ்பீக்கரில், ஒரே அளவில் கேட்டுப் பார்த்தேன். கிளீனில் பிரித்துச் சொல்ல முடியவில்லை, விளிம்பில் உடையும் கிரஞ்சில் மட்டும் ஆம்ப் கொஞ்சம் முன்னால். இப்போது மாடலர் பக்கம் சாய்கிறேன். இரண்டு சிக்கல். வீட்டில் அமைத்த பேட்ச் ஜாம் ரூமில் பாஸ் குமுறுகிறது, மேலே குத்துகிறது. நீண்ட கமகத்தின் வால் திடீரென்று அறுந்துவிடுகிறது.

ஐஆர்_ஆராய்ச்சி:

முதலாவது காதின் இயல்பு. மெல்லிய சத்தத்தில் காதுக்கு பாஸும் ட்ரெபிளும் குறைவாகக் கேட்கும், அதனால் வீட்டில் இரண்டையும் ஏற்றிவிடுகிறோம். 90 டெசிபலில் அவை பழிவாங்கும். மேடைக்கான பேட்சை ஜாம் ரூமிலேயே, பவர்டு ஸ்பீக்கரைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, டிரம்ஸ் ஓடும்போது அமையுங்கள். தரையில் வைத்தால் பாஸ் தானாகக் கூடும். கேபினட் பிளாக்கில் லோ கட் (அதற்குக் கீழே வெட்டுவது) 90 ஹெர்ட்ஸ், ஹை கட் (அதற்கு மேலே வெட்டுவது) 6.5 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி, குத்தினால் 5.5 வரை இறக்குங்கள். கீபோர்டும் பாஸ் கிட்டாரும் இருக்கும் குழுவில் லோ கட் 120 ஆனாலும் யாரும் தேடமாட்டார்கள். லீட் பேட்ச் ரிதத்தைவிட 3 டெசிபல் கூட, அதற்கு மேல் வேண்டாம். வீட்டுக்கு அதே பேட்சின் நகல் ஒன்றை வேறு பெயரில் வைத்துக்கொள்ளுங்கள்.

வால் அறுவது நாய்ஸ் கேட்டால் (சத்தம் குறைந்ததும் ஒலியை மூடும் அமைப்பு). தொழிற்சாலை பேட்ச்கள் பல ராக் ரிதத்துக்காக அமைத்தவை, கேட் சட்டென்று மூடும். கிளீன் பேட்சில் அதை முழுக்க அணைத்துவிடுங்கள். கிரஞ்சில் வேண்டுமென்றால் டிரைவுக்கு முன்னால் வைத்து, வாசிக்காமல் கிட்டார் வால்யூமை 10இல் விட்டு, ஹம் மறையும் புள்ளி வரை மட்டும் த்ரெஷோல்டை (கேட் மூடும் அளவு) ஏற்றி நிறுத்துங்கள். ரிலீஸ் (மூட எடுக்கும் நேரம்) 300 மில்லி செகண்டுக்கு மேல். அதன்பின் ஒரு ஸ்வரத்தைத் தட்டிவிட்டு இடது கையால் மட்டும் அசைத்துப் பாருங்கள். கடைசி அசைவு வரை கேட்டால் கேட் சரி. இல்லாவிட்டால் கேட்டை விட்டுவிட்டு, பக்கத்திலிருக்கும் எல்ஈடி அடாப்டரையோ ஃபேன் ரெகுலேட்டரையோ அணைத்துப் பாருங்கள், சிங்கிள் காயில் ஹம் பல நேரம் அங்கிருந்தும் வரும்.

வால்வு_பட்டறை:

ஸ்ட்ராட்ல நடு பிக்கப் ரிவர்ஸ் வைண்டா (சுருள் எதிர்ப் பக்கமா சுத்தினது) இருந்தா பிக்கப் ஸ்விட்சோட 2வது, 4வது பொசிஷன்ல ஹம் தானா அடங்கும். கேட்டைத் தொடறதுக்கு முன்னாடி அதைப் பாரு தம்பி.