நட்சத்திர குவில்ட் பிளாக்: முனைகள் வெட்டுப்படுவது ஏன்?

புதுஊசி:

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளாகத் தலையணை உறைகளும் குழந்தைகளுக்கான சட்டைகளும் தைத்து வருகிறேன். துணித்துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வையான குவில்ட் தைப்பது இதுவே முதல் முறை. அமெரிக்கக் குவில்ட் மரபில் ‘சாடூத் ஸ்டார்’ என்று வழங்கும் ரம்பப்பல் நட்சத்திரம் புதியவர்களுக்கு ஏற்றது என்று படித்து, தைத்து முடித்தால் 12 அங்குலம் வரும் பிளாக் (குவில்ட்டின் ஒரு சதுரப் பகுதி) ஒன்றைத் தைத்தேன்.

நடுவில் 6½ அங்குலச் சதுரம் ஒன்று, நட்சத்திரத்தின் முனைகளுக்காக 3½ அங்குலச் சதுரங்கள் எட்டு ஆகியவற்றைக் கருநீலப் பாப்ளினில் வெட்டினேன். பின்னணிக்காக 3½-க்கு 6½ அங்குலச் செவ்வகங்கள் நான்கும், மூலைகளுக்காக 3½ அங்குலச் சதுரங்கள் நான்கும் சந்தன நிறத்தில் வெட்டினேன். ஒவ்வொரு செவ்வகத்தின் இரு ஓரங்களிலும் நீலச் சதுரத்தை வைத்து, மூலைவிட்டமாகத் தைத்து, மிகுதியை வெட்டித் திருப்பினேன். பிறகு மூன்று வரிசைகளாக இணைத்தேன்.

அடுத்த பிளாக்கோடு இணைக்கும் முன் ஓரம் முதல் ஓரம் வரை 12½ அங்குலம் வர வேண்டிய பிளாக், சரியாக 12 அங்குலம்தான் வந்திருக்கிறது. நட்சத்திரத்தின் முனைகள் கூர்மையாக இல்லாமல், யாரோ நுனியைக் கிள்ளி எடுத்ததுபோல் நிற்கின்றன. வெட்டிய அளவுகளை இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன். தவறு எங்கே நேர்ந்தது? எளிய வடிவம் என்கிறார்களே, இதுவும் ‘ஒஹையோ ஸ்டார்’ என்பதும் ஒன்றுதானா?

நூல்கண்டு:

அன்புத் தங்கைக்கு, உங்கள் கேள்வியிலேயே விடையும் இருக்கிறது. நீங்கள் தந்த அளவுகள் அனைத்தும் சரியானவை. அரை அங்குலம் குறைந்ததே தவறு நேர்ந்த இடத்தைக் காட்டிவிடுகிறது.

நடு வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 3½, 6½, 3½ என மூன்று துண்டுகளையும் கூட்டினால் 13½ அங்குலம். இரண்டு தையல்கள் உள்ளன. ஒவ்வொரு தையலும் இரு பக்கத் துணியிலிருந்தும் கால் அங்குலம் எடுக்கும். ஆகவே மொத்தம் 1 அங்குலம் போய் 12½ மிஞ்ச வேண்டும். உங்களுக்கு 12 வந்திருப்பதால் இரு தையல்களும் சேர்ந்து 1½ அங்குலத்தை எடுத்திருக்கின்றன, அதாவது கால் அங்குலத்துக்குப் பதிலாக ஒவ்வொரு பக்கமும் ⅜ அங்குலம் விட்டுத் தைத்திருக்கிறீர்கள். துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் ஃபுட்டின் வலது விளிம்பைத் துணியின் ஓரத்தோடு ஒட்டிப் பிடித்துத் தைத்தீர்களா? ஊசிக்கும் ஃபுட்டின் விளிம்புக்கும் உள்ள தூரம் ஒவ்வொரு மெஷினிலும் மாறும். சட்டை தைக்கும்போது இந்த அரைக்கால் அங்குலம் நம் கண்ணில் படுவதே இல்லை.

முனைகள் மழுங்கியதற்கும் அதுவே காரணம். நீங்கள் தைத்த அந்தச் செவ்வகத் துண்டுகளுக்குப் ‘பறக்கும் வாத்துகள்’ என்று பெயர். ஒன்றைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். இரண்டு மூலைவிட்டத் தையல்களும் ஒன்றையொன்று வெட்டும் புள்ளி துணியின் ஓரத்தில் இராது. ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே இருக்கும். அந்தக் கால் அங்குலம் நடுச் சதுரத்தோடு இணைக்கும் தையலுக்காகவே ஒதுக்கப்பட்டது. நீங்கள் ⅜ அங்குலத்தில் தைத்தால் தையல் அந்தப் புள்ளியைத் தாண்டிச் சென்று நுனியை உள்ளே விழுங்கிவிடும்.

இந்தப் பிளாக்கைப் பிரிக்க வேண்டாம், அப்படியே வைத்திருங்கள். அடுத்ததைத் தொடங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். 1½ அங்குல அகலமுள்ள மூன்று பட்டைகளை வெட்டி, அருகருகே இணைத்து, இஸ்திரி வைத்து அளந்து பாருங்கள். மொத்த அகலம் 3½ அங்குலமும், நடுப்பட்டை சரியாக 1 அங்குலமும் இருக்க வேண்டும். அது வரும்வரை வேறு எதையும் தைக்காதீர்கள்.

நான் கடைப்பிடிக்கும் வழி ஒன்று உண்டு. பள்ளிப் பிள்ளைகளின் மில்லிமீட்டர் கிராஃப் தாளில் ஒரு துண்டை நேர்கோட்டில் வெட்டி, அதன் வலது ஓரத்திலிருந்து ஆறாவது கோட்டில் ஊசியை இறக்கி, தாளின் ஓரத்தை ஒட்டி மெஷினின் தட்டில் மாஸ்க்கிங் டேப்பை நான்கைந்து அடுக்காக ஒட்டிவிடுவேன். துணியின் ஓரம் அந்தச் சிறு சுவரில் உரசியபடியே செல்லும். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர், நாம் 6-இல் தைப்பது பிழையன்று. தையலை ஒரு பக்கமாக மடித்து இஸ்திரி போடும்போது அந்த மடிப்பே ஓரிரு இழை அளவுக்குத் துணியை எடுத்துக்கொள்ளும். குறைத்து வைத்த அந்தச் சிறிதளவு அதற்கு ஈடாகிவிடும்.

ஒஹையோ ஸ்டார் வேறு. அது பக்கத்துக்கு மூன்றாக ஒன்பது கட்டங்களில் அமைவது. நான்கு கட்டங்களில் நான்கு நான்கு முக்கோணங்கள் கூடும். உங்களுடையது பக்கத்துக்கு நான்கு கட்டம் என்ற கணக்கில், ஒரு கட்டம் 3 அங்குலமாக அமைந்தது.

கஞ்சித்துணி:

அக்கா சொன்னவற்றோடு துணியைப் பற்றியும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடையிலிருந்து வந்த பாப்ளினை அப்படியே வெட்டினீர்களா? அடர்நீலத்தையும் சந்தன நிறத்தையும் பக்கத்தில் வைக்கும்போது, முதலில் நீலத்தைத் தனியாக அலசிச் சாயம் போகிறதா என்று பார்த்துவிடுவது அவசியம். குவில்ட் முழுவதும் முடிந்த பிறகு சாயம் இறங்கினால் சரிசெய்வது கடினம்.

அலசிய துணிக்குச் சோற்றுக் கஞ்சியை வடிகட்டி, இளந்தண்ணீராகக் கரைத்துப் போட்டு, சற்று ஈரம் இருக்கும்போதே இஸ்திரி செய்து, பிறகு வெட்டுங்கள். மூலைவிட்டமாக வெட்டிய ஓரம் கிராஸ் துணி, அதாவது இழைக்குச் சாய்வாக அமைந்து இழுத்தால் நெகிழும் துணி அல்லவா? ஜாக்கெட்டில் நமக்கு வேண்டிய அதே நெகிழ்வு இங்கே பகையாகிறது. இஸ்திரிப்பெட்டியை முன்னும் பின்னும் இழுத்தால் முக்கோணம் கோணலாகிவிடும். கஞ்சி போட்ட துணி அசையாது. பெட்டியை மேலிருந்து வைத்து எடுங்கள், தேய்க்காதீர்கள்.

மூலைவிட்டத் தையலுக்குக் கோடு போட சாக்பீஸ் வேண்டாம், அதன் கோடு தடிமனாக விழும். நன்றாகச் சீவிய பென்சிலே போதுமானது.

புதுஊசி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று பட்டைச் சோதனையை நேற்றிரவு செய்தேன். ஃபுட்டின் விளிம்பை நம்பித் தைத்தபோது நடுப்பட்டை முக்கால் அங்குலம்தான் வந்தது. டேப் ஒட்டித் தைத்தபோது சரியாக 1 அங்குலம் வந்தது. அந்தப் பட்டையை ஸ்கேலின் மேல் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் ஓர் ஐயம். மூலைவிட்டத் தையலைக் கோட்டின் மேலேயே போட்டும், திருப்பிய நீல மூலை செவ்வகத்தின் மூலையை எட்டாமல் சற்றே குறைகிறது. வரிசைகளை இணைக்கும்போது சந்திப்புகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

டகோட்டாக்குளிர்:

நான் அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில் வசிக்கிறேன். இங்கே குவில்ட் வகுப்பில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

தையலைக் கோட்டின் மேல் போடாமல், வெட்டி எறியப் போகும் மூலையின் பக்கமாக ஓர் இழை தள்ளிப் போடுங்கள். மடிப்பு எடுத்துக்கொள்ளும் துணிக்கு அது இடம் கொடுக்கும். திருப்பிப் பார்த்து, மூலை பொருந்திய பின்னரே மிகுதியை வெட்ட வேண்டும்.

சந்திப்புகளைப் பொறுத்தவரை, எல்லாம் மடிப்பைத் திருப்பும் திசையில்தான் இருக்கிறது. மேல் வரிசையிலும் கீழ் வரிசையிலும் மடிப்புகளை மூலைச் சதுரங்களின் பக்கமாக, அதாவது வெளிநோக்கித் திருப்புங்கள். நடு வரிசையில் நடுச் சதுரத்தை நோக்கி உட்புறமாகத் திருப்புங்கள். வரிசைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எதிர்த்திசையில் நிற்கும் மடிப்புகள் ஒன்றையொன்று முட்டி நின்றுகொள்ளும். அந்த இடத்தை விரலால் தடவினால் மேடு பள்ளம் எதுவும் தட்டுப்படாது. அங்கே குண்டூசி குத்தித் தைத்தால் சந்திப்பு விலகாது.

நட்சத்திரம் என்றதும் இணையத்தில் வைர வடிவத் துண்டுகளால் ஆன மாபெரும் எட்டுமுனை நட்சத்திரக் குவில்ட்டுகளும் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். வட அமெரிக்கப் பூர்வகுடிகளான லகோட்டா மக்களிடம் அவை விடிவெள்ளியின் உருவம். முன்பு காட்டெருமைத்தோல் போர்வைக்கு இருந்த இடத்தை அவை பெற்றன. பெயர் சூட்டும்போதும், இறந்தவர்களை வழியனுப்பும்போதும், ஒருவரைப் பெருமைப்படுத்தும்போதும் அவற்றைப் பரிசாக அளிக்கிறார்கள். அதைத் தைக்க வேண்டும் என்ற ஆசை எழுந்தால் சற்றுப் பொறுத்திருங்கள். வைரத்துண்டின் நான்கு ஓரங்களில் குறைந்தது இரண்டு கிராஸாகத்தான் அமையும், நடுப்புள்ளியிலோ எட்டுத் தையல்கள் கூடும். சதுரமும் செவ்வகமும் மட்டுமே வெட்டித் தைக்கும் உங்கள் முறையில் அந்தத் தொல்லை இல்லை; தைத்து முடியும்வரை கிராஸ் ஓரம் எதுவும் வெளியே இருப்பதில்லை. இதில் கை பழகிய பிறகு அங்கே போகலாம்.

நூல்கண்டு:

தங்கைக்கு, கடைசியாக ஒன்று. இம்முறை பிளாக் 12½ அங்குலம் வந்ததும், வெளியே நீட்டி நிற்க வேண்டிய எட்டு முனைகளும் ஓரத்தைத் தொடாமல் கால் அங்குலம் உள்ளே நிற்பதைக் காண்பீர்கள். பிழை என்று எண்ணி அந்த ஓரத்தை வெட்டி நேராக்கிவிடாதீர்கள். அடுத்த பிளாக்கோடு இணைக்கும் தையல் அந்தக் கால் அங்குலத்தை எடுத்துக்கொண்ட பிறகுதான் முனைகள் தையலைத் தொட்டு நிற்கும்.