ஸ்பிரிங்பேக்குக்கு ஒரு சொல் (வெள்ளிக்கிழமைக்குள்)

கும்பகோணம்:

நம் கலைச்சொல் குழுவில் எல்லோருக்கும் வணக்கம். கனடாவில் மான் வேட்டைக்குப் போகிற நம்மவர்களுக்காக ஒரு கையேட்டை மொழிபெயர்த்துக் கொண்டிருக்கிறேன். சுட்டு முடித்த ரைபிள் தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறியாமல், வீட்டிலேயே பழைய அளவுக்குக் கொண்டுவந்து திரும்பப் பயன்படுத்துவது அங்கே பலருக்குப் பொழுதுபோக்காம். (உரிமம் இல்லாமல் இங்கே செய்தால் 1959ஆம் வருட ஆயுதச் சட்டம் இருக்கிறது. அந்தக் கேள்வியை இழையில் கிளப்ப வேண்டாம்.)

சுடும்போது கூடு உப்பிவிடுகிறது. அச்சுக்குள் அழுத்தி இறுக்குகிறார்கள். அச்சை விட்டு வெளியே வந்ததும் பித்தளை ஒரு மயிரிழை திரும்ப விரிந்துகொள்கிறது. நாலைந்து தடவை சுட்டு இறுக்கிய கூடாக இருந்தால் இன்னும் அதிகம். அச்சை யாரும் தொடவில்லை, ஆனாலும் முன்பு துப்பாக்கியின் அறைக்குள் ஒழுங்காக நுழைந்த கூடு இப்போது உள்ளே போய் உட்காராமல் முரண்டு பிடிக்கிறது, அறையை அடைக்கும் போல்ட் மூட மறுக்கிறது. இதற்குப் பெயர் ஸ்பிரிங்பேக். ‘பின்துள்ளல்’ என்று எழுதி வீட்டில் வாசித்துக் காட்டினேன். தவளையைப் பற்றிய பாடமா என்று கேட்டார்கள். வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும்.

திருவையாறு:

தம்பி, ‘மீள்’ என்ற வேர் இருக்கும்போது தவளைக்கு ஏன் போக வேண்டும்? மீட்சி. முடிந்தது.

மயிலாடுதுறை:

முடியவில்லை ஐயா. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் மீட்சிப்பண்பு வேறு பொருளில் உட்கார்ந்திருக்கிறது. தகைவு (ஸ்ட்ரெஸ்), திரிபு (ஸ்ட்ரெயின்), மீட்சி எல்லை என்று வருடா வருடம் நடத்துகிறேன். மீட்சி என்பது உலோகத்தின் குணம். ஸ்பிரிங்பேக் என்பது அந்தக் குணத்தால் கடைசியில் கையில் வந்து சேரும் அளவு. இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் விடைத்தாள் திருத்துகிறவள் நான்தான்.

திருவையாறு:

அப்படியானால் மீள்விரிவு. வினைத்தொகை. மூன்று காலத்துக்கும் பொருந்தும்.

மயிலாடுதுறை:

தகட்டை மடக்கும்போதும் இதே சங்கதி உண்டு. 90 பாகைக்கு மடக்கினால் 92க்குத் திறந்துகொள்ளும். அங்கே எதுவும் விரியவில்லையே, ஐயா?

யாழ்ப்பாணம் (இப்போது டொராண்டோ):

வாசிக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் எங்கட ஆட்கள் என்பதை மறக்க வேண்டாம். உங்கள் தகைவு எங்களுக்குத் தகைப்பு, உங்கள் திரிபு எங்களுக்கு விகாரம். அப்புறம் ‘கூடு’ என்றால் குருவி ஞாபகம்தான் வரும். நாங்கள் ‘வெற்றுக் கோது’ என்போம். முட்டைக் கோது, தோட்டாக் கோது. நல்ல பழைய சொல், உங்கள் பக்கம் ஏன் கைவிட்டீர்கள் என்று தெரியவில்லை.

மன்னார்குடி:

கோது சரி. ‘தோட்டா’ இந்துஸ்தானி, அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பித்தளையும் வடசொல் என்பார்கள், நான் ஒப்பவில்லை. இரும்பைக் கரும்பொன் என்றும் வெள்ளியை வெண்பொன் என்றும் சொன்ன இனம் நாம், அதற்கு மட்டுமா பெயர் இல்லாமல் போயிருக்கும்? அது தனி மடலில்.

இப்போது ஸ்பிரிங்பேக். ‘வில்வணக்கம் தீங்கு குறித்தமையான்’ என்கிறது குறள். வணக்கம் என்றால் வளைதல். வில் வளைவதே திரும்பத் தெறிக்கத்தான். ஆக வளைத்த பொருளில் வளையாமல் மிச்சமிருக்கிற பகுதிதான் நீங்கள் கேட்பது. பெயரெச்சம், வினையெச்சம் போல, வணக்க எச்சம்.

கும்பகோணம்:

ஐயா, ‘வணக்க எச்சத்தைக் குறைக்கக் கூட்டின் கழுத்தைக் காய்ச்சவும்’ என்று நான் எழுதினால் அந்த வேட்டைக்காரர் கைகூப்பிக்கொண்டு நிற்பார்.

மன்னார்குடி:

பழகினால் எல்லாம் புரியும். ‘மின்னஞ்சல்’ என்றபோதும் சிரித்தார்கள்.

பட்டறை (கும்பகோணம்தான்):

நான் அதிகம் எழுதுகிறவன் இல்லை. அப்பா காலத்திலிருந்து பித்தளைத் தகட்டில் குடம், அண்டா அடிக்கிறோம். தகட்டைக் கட்டையில் வைத்துத் தட்டத் தட்ட இறுகும். ஓர் அளவுக்கு மேல் சுத்தியல் சத்தமே மாறிவிடும், ‘டங்’ என்று இருந்தது ‘டிங்’ என்று வரும். அப்போதும் தட்டினால் ஓரம் கீறிக்கொள்ளும். மங்கலாகச் சிவக்கிற அளவு உலையில் காய்ச்சி எடுத்தால் திரும்பவும் வசத்துக்கு வரும். அந்த இறுகின தகட்டை வளைத்துப் பிடித்துவிட்டுக் கையை எடுத்தால் கொஞ்சம் திரும்பி வரும் பாருங்கள், அப்போது ‘தகடு திமிறுது’ என்போம். பையன்கள் ‘ஸ்பிரிங் அடிக்குது’ என்கிறார்கள்.

கும்பகோணம்:

திமிறல்! அண்ணே, இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்?

அந்தக் கூடும் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம் சேர்ந்த பித்தளைதான். வைத்தியமும் நீங்கள் சொன்னதேதான், ஒரே ஒரு எச்சரிக்கையோடு: கழுத்தையும் தோளையும் மட்டும்தான் காய்ச்ச வேண்டும், அடிப்பக்கம் சூடாகவே கூடாது. வெடிக்கும் அழுத்தத்தைத் தாங்குவது அந்தப் பக்கம். அது இளகினால் சுடுகிறவர் முகத்துக்கு ஆபத்து.

இங்கே இன்னொரு குழப்பம். ஆங்கிலத்தில் அந்த அடிப்பக்கத்துக்குப் பெயர் ‘தலை’. மேலே கழுத்து, தோள், கீழே தலை. யோகாசனம் மாதிரி இருக்கிறது. என்ன செய்யலாம்?

பட்டறை:

பாத்திரத்துக்குக் கழுத்து மேலே இருந்தால் கீழே தூர்.

(அடுத்த இருபது நிமிடத்தில் ஏழு பேர் ‘தூர்’ சரி என்று எழுதினார்கள். இந்தக் குழுவில் இப்படி நடந்து யாரும் பார்த்ததில்லை.)

திருவையாறு:

திமிறல் நல்ல சொல், ஆனால் றகரத்தைக் கவனியுங்கள். ரகரம் போட்டால் அகம்பாவம். இரண்டும் ஒரே வேரா என்று பார்த்தால் சுவையாக இருக்கும். கால் மரத்துப் போவதையும் திமிர் என்கிறோம் அல்லவா...

மயிலாடுதுறை:

ஐயா, அந்தப் பக்கம் போனால் வெள்ளிக்கிழமை போய்விடும். என் தயக்கம் வேறு. காளை திமிறுவது கயிறு கழுத்தில் இருக்கும்போது. அவிழ்த்துவிட்ட பிறகு அதற்குப் பெயர் திமிறல் இல்லை, ஓட்டம். ஸ்பிரிங்பேக்கோ பிடியை விட்ட பிறகு நடப்பது. அதனால் ‘மீள்வு’ என்கிறேன். உயிரே இல்லாத சொல்தான், ஆனால் தப்பு இல்லாதது.

போகிற போக்கில் ஒன்று. பித்தளைக் கூட்டில் தானாகக் கீறல் விழுவதற்கு ஆங்கிலத்தில் ‘பருவ வெடிப்பு’ என்று பெயர் வந்ததே நம் நாட்டு மழையால்தான். வெள்ளைக்காரப் பட்டாளம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயத்தில் அடுக்கி வைக்கும், வெயில் வந்து எடுத்துப் பார்த்தால் கீறல். 1921இல்தான் காரணம் விளக்கப்பட்டது: குதிரை மூத்திரத்து அம்மோனியாவும், இழுத்து உருவாக்கியபோது பித்தளைக்குள் தங்கிப்போன தகைவும் சேர்ந்த வேலை.

மன்னார்குடி:

என் பாட்டி அண்டாவை மாட்டுக் கொட்டகையில் வைக்க விடமாட்டார். தீட்டு என்று நினைத்திருந்தேன்.

யாழ்ப்பாணம்:

நாச்சியார்கோவில் குத்துவிளக்கும் அப்படிக் கீறுமோ?

பட்டறை:

அது வார்ப்பு. உருக்கி ஊற்றுவது. தட்டி இறுக்கினால்தானே இந்த வம்பெல்லாம்.

கும்பகோணம்:

வெள்ளி, இரவு 11 மணி. எண்ணிப் பார்த்தேன்: மீள்வு 6, திமிறல் 5, வணக்க எச்சம் 1. தலைப்பிலும் அட்டவணையிலும் மீள்வு போட்டேன். முதலில் வரும் இடத்தில் ‘பிடியை விட்டதும் பித்தளை திமிறிக்கொண்டு திரும்பும் அளவு’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். டீச்சர் மன்னிக்க வேண்டும். கூட்டையெல்லாம் கோது ஆக்கிவிட்டேன். தோட்டா தோட்டாவாகவே போகிறது.

மன்னார்குடி:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும். பித்தளை பற்றிய மடல் தயாராகிறது, கொஞ்சம் நீளம்.

கும்பகோணம்:

சரி ஐயா. இரண்டாம் பாகம் புதன்கிழமை அனுப்ப வேண்டும். அதில் ‘ஹெட்ஸ்பேஸ்’, சொல்லுக்குச் சொல் ‘தலை இடைவெளி’, நாற்பது இடத்தில் வருகிறது. தலையைத்தான் தூர் ஆக்கிவிட்டோமே, இப்போது இதை என்ன செய்ய?